அம்மா எண்ணிய இருபது



புள்ளலூர் வாத்தியார் வரலாறு எழுத உட்கார்ந்தால் போர்க்கதைதான் வரும் என்று உங்களில் பலர் முடிவு கட்டி வைத்திருப்பீர்கள். தப்பில்லை. மகேந்திரவர்மன் இந்த ஊரில் பகைவரை வென்றதாகக் காசாக்குடிச் செப்பேடு சொல்வதையும், 1780 செப்டம்பர் 10-ஆம் தேதி ஐதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை இங்கே நிர்மூலமாக்கியதையும் நானே உங்களிடம் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்! பெய்லியின் படை இங்கே செத்துக்கொண்டிருந்தபோது ஹெக்டர் மன்றோ பெரிய படையோடு காஞ்சிபுரத்தில் இருந்தார். ஒரு நாளில் நடந்து வந்துவிடும் தூரம். உதவி வரவில்லை. வகுப்பில் இந்த இடத்தைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும், உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம்.

இன்று எழுதப்போவது காதுக்குள் நடக்கும் ஒரு சங்கதியின் வரலாறு. மண்ணை விடச் சிறிய துகள், மோதிரத்தை விடச் சிறிய குழாய். ஆனால் இதிலும் உதவி பக்கத்தில் இருந்தும் வந்து சேராத கதை ஒன்று இருக்கிறது. அது என் வீட்டுக் கதை.

1987 ஆடி மாசம். அம்மா தோட்டத்தில் தொரட்டியை வைத்து முருங்கைக்கீரை பறித்துக்கொண்டிருந்தார். அண்ணாந்து பார்த்தபடியே, "எம்மா, கிறுகிறுன்னு வருதே" என்று சொல்லித் தொரட்டியோடு உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து பரணில் இருக்கும் பாத்திரத்தை எடுக்க அண்ணாந்தால் சுற்றும். படுக்கையில் வலது பக்கம் புரண்டால் சுற்றும். மாதக்கணக்கில் வரும், தானே போய்விடும், மறுபடி வரும். பித்தம் என்றார்கள்; இஞ்சிச் சாறும் சீரகக் கஷாயமும் கொடுத்தோம். வேப்பிலை அடித்தோம். பிறகு டாக்டர். ஒருவர் ரத்தக்கொதிப்பு என்றார், இன்னொருவர் கழுத்தெலும்பு தேய்மானம் என்று பட்டை போட்டுவிட்டார். அந்தப் பட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அம்மா அடுப்படியில் நின்ற கோலம் இன்னும் கண்ணில் நிற்கிறது. தலைசுற்றல் மாத்திரை வருஷக்கணக்கில் ஓடியது. கடைசிவரை அம்மா படுத்துத் தூங்கவே பயந்தார். திண்ணையில் சாய்வு நாற்காலி போட்டு, முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து, உட்கார்ந்தபடிதான் தூக்கம். வைகாசியில் காஞ்சிபுரம் வரதர் கருட சேவைக்கு ஒரு வருஷம் தவறாமல் போனவர், அண்ணாந்து பெருமாளைப் பார்க்க முடியாது என்பதற்காகவே போவதை நிறுத்திவிட்டார். 2001-ல் காலமானார்.

அந்த நாட்களில் அம்மா ஒன்று சொல்வார். "படுத்த உடனே வர்றதில்லடா. மூணு நாலு எண்ணுறதுக்குள்ள வருது. அப்புறம் இருவது எண்ணுனா போயிடுது. கண்ணை மூடிக்கிட்டு எண்ணிக்கிட்டே கெடப்பேன்." நான் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவன். கரும்பலகையில் உட்செவியை வரைந்து, மூன்று அரைவட்டக் குழல்களையும் கலர் சாக்பீஸால் குறித்து, "உடல் சமநிலைக்கு இவை உதவுகின்றன" என்று உங்களுக்கெல்லாம் ஐந்து மார்க் வாங்கிக் கொடுத்தவன். அம்மா சொன்ன எண்ணிக்கையை நான் காதில் வாங்கவே இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் மார்கழியில், விடியற்காலை அலாரத்தை நிறுத்த வலது பக்கம் புரண்டேன். குளிருக்கு மின்விசிறியை நிறுத்தியிருந்தோம். ஆனால் விட்டத்தோடு சேர்ந்து வீடே சுற்றியது. பக்கவாதம்தான், முடிந்தது என்று நினைத்தேன். வீட்டில், "பிரஷரா இருக்கும்ங்க, அசையாதீங்க" என்று அழ ஆரம்பித்துவிட்டார்கள். விடிந்ததும் காஞ்சிபுரத்தில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனோம். என் கடைசி பேட்ச் மாணவிகள் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. கட்டிலில் உட்காரவைத்து, தலையை வலது பக்கம் திருப்பி, "ஐயா, கண்ணை மட்டும் மூடாதீங்க" என்று சொல்லிச் சட்டென்று மல்லாக்கச் சாய்த்தார். உலகம் சுற்றியது. அவர் என் கண்ணையே பார்த்துக்கொண்டு மெதுவாக எண்ணினார். சுற்றல் நின்றது. தலையை இடது பக்கம் திருப்பினார், காத்திருந்தார். உடம்பையும் உருட்டி முகத்தைத் தரையைப் பார்க்க வைத்தார், காத்திருந்தார். பிறகு எழுப்பி உட்காரவைத்தார். ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். மறுபடி சாய்த்துப் பார்த்தார், ஒன்றும் இல்லை. ஊசி இல்லை, மாத்திரை இல்லை.

"இந்த வைத்தியம் எப்போ வந்ததும்மா?" என்று கேட்டேன்.

"ரொம்ப நாளாச்சுங்க ஐயா. 1992."

பஸ்ஸில் திரும்பி வரும்போது நான் யாரிடமும் பேசவில்லை. அதற்குப் பிறகுதான் இதைப் படிக்க ஆரம்பித்தேன். பெங்களூரில் கணினியில் திரவ ஓட்டக் கணக்குப் போடும் வேலையில் இருக்கும் நம் பழைய மாணவன் ஒருவன் கட்டுரைகளை அனுப்பி, ராத்திரி ராத்திரியாகப் போனில் விளக்கினான். அவன் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான். தப்பு ஏதாவது இருந்தால் அது என்னுடையது.

முதலில் அந்தக் குழாய் எதற்கு இருக்கிறது என்று கண்டுபிடித்த கதை.

1820-களில் பாரிசில் ஃப்ளூரன்ஸ் என்பவர் புறாக்களின் உட்செவியில் இருந்த அரைவட்டக் குழல்களை ஒவ்வொன்றாக வெட்டிப் பார்த்தார். கேட்கும் திறன் போகவில்லை. எந்தக் குழலை வெட்டினாரோ அந்தக் குழல் இருக்கும் தளத்திலேயே புறாவின் தலை ஆடியது. காது என்றால் கேட்பதற்கு மட்டும் என்றிருந்த காலத்தில் அது பெரிய அதிர்ச்சி. 1861-ல் அதே பாரிசில் மெனியே, கடுமையான தலைசுற்றலுக்குக் காரணம் மூளையில் ரத்தம் ஏறுவதுதான் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தபோது, அது உட்செவியிலிருந்தும் வரும் என்று சொன்னார். 1987-ல் எங்கள் வீட்டில் கிடைத்த பதிலை விட அது முன்னேறிய பதில்.

1873-ஐ ஒட்டி மூன்று பேர் தனித்தனியாக ஒரே முடிவுக்கு வந்தார்கள். பிராகாவில் இயற்பியலாளர் மாக். வளைவில் ரயில் திரும்பும்போது வெளியே வீடுகளும் மரங்களும் சாய்ந்து தெரிகிறதே என்று யோசித்ததில் ஆரம்பித்தவர். வியன்னாவில் மருத்துவர் பிராயர். எடின்பரோவில் வேதியியலாளர் கிரம் பிரவுன். அணுவை வட்டத்துக்குள் எழுதிக் கோடு போட்டு இணைத்து மூலக்கூறு வரைந்த முன்னோடிகளில் ஒருவர். இவர்கள் சொன்னது இதுதான்: குழலுக்குள் திரவம் இருக்கிறது. தலை திரும்பும்போது குழல் எலும்போடு சேர்ந்து உடனே திரும்பிவிடும், திரவம் சற்றுப் பின்தங்கும். அந்தப் பின்தங்கலைத்தான் நாம் 'திரும்புகிறோம்' என்று உணர்கிறோம்.

இதை அடுப்படியிலேயே பார்க்கலாம். தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி மேலே மஞ்சள் தூளைத் தூவுங்கள். தட்டை மட்டும் சட்டென்று கால் வட்டம் திருப்புங்கள். தட்டு திரும்பிவிடும், மஞ்சள் தூள் இருந்த இடத்திலேயே நிற்கும். காதில் இதையே வளையமான குழாய்க்குள் அடைத்து வைத்திருக்கிறது இயற்கை. வளையத்தின் ஓரிடத்தில் குழாய் புடைத்திருக்கும். ஆம்புல்லா என்று நம் பாடப்புத்தகத்தில் படம் இருந்தது. அந்தப் புடைப்பின் குறுக்கே கூழ் போன்ற ஒரு திரை, குபுலா. திரவம் பின்தங்கினால் திரையைத் தள்ளும், அடியில் உள்ள மயிரிழைகள் வளையும், நரம்பு மூளைக்குச் செய்தி சொல்லும். அறையின் மூலையில் இரண்டு சுவரும் தரையும் சேருவது போல மூன்று குழல்கள் மூன்று தளத்தில் இருப்பதால், தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் தெரியும். சின்ன வயதில் தட்டாமாலை சுற்றி நின்றதும் பூமி எதிர்ப்பக்கம் சுற்றியதே, அதுவும் இந்தத் திரையின் வேலைதான். சுற்றிக்கொண்டே இருக்கும்போது திரை மெல்ல நிமிர்ந்துவிடும். சட்டென்று நின்றால் திரவம் எதிர்ப்பக்கம் தள்ளும்.

1930-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ஸ்டைன்ஹவுசன், மீனின் குழலுக்குள் மையைச் செலுத்தி அந்தத் திரை அசைவதைக் கண்ணால் பார்த்தார். அசைவுக்குச் சமன்பாடும் எழுதினார், முறுக்கு ஊசலுக்கு எழுதுவது மாதிரி. சுழலும் வளையத்துக்குள் திரவம் என்ற கணக்கு இப்படித்தான் தொடங்கியது. கணினி வருவதற்கு வெகு முன்பே.

இப்போது நோய்க்கு வருவோம்.

ராபர்ட் பாரனி வியன்னாக்காரர். காதைக் கழுவக் குளிர்ந்த நீர் பீய்ச்சினால் நோயாளிகளுக்குத் தலை சுற்றுவதையும், வெந்நீர் விட்டால் கண்ணின் ஆட்டம் எதிர்த்திசைக்கு மாறுவதையும் கவனித்து, அதிலிருந்து உட்செவியைச் சோதிக்கும் முறையையே உண்டாக்கியவர். வெப்பத்தால் திரவத்தின் ஒரு பகுதி லேசாகி மேலே எழுகிறது. நம் வீட்டுப் பானையில் வெந்நீர் மேலேறுகிற அதே சங்கதி. 1914-க்கான நோபல் பரிசு அவருக்கு என்ற செய்தி வந்தபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதி. சுவீடனின் இளவரசர் தலையிட்டு 1916-ல் விடுதலை வாங்கிக் கொடுத்தார். ஊர் திரும்பினால் வியன்னாவில் சக ஆசிரியர்கள், அடுத்தவர் கருத்தைத் திருடினார் என்று குற்றம் சாட்டினார்கள். மனம் வெறுத்து உப்சாலாவுக்குப் போய்விட்டார். 1921-ல் அவர் 27 வயதுப் பெண் ஒருத்தியைப் பற்றி எழுதினார்: பக்கவாட்டில் புரண்டு படுத்தால் மட்டும் சுற்றல், அரை நிமிஷம், கண் துடிப்பு, அப்புறம் ஒன்றுமில்லை. கூடவே, உடனே மறுபடி செய்தால் வருவதில்லை என்பதையும் கவனித்தார். காதுக்குள் இருக்கும் சுண்ணாம்புக் கற்களின் உறுப்பில்தான் கோளாறு என்று சந்தேகப்பட்டார்.

அது என்ன சுண்ணாம்புக் கல்? குழல்களுக்குப் பக்கத்தில் யூட்ரிக்கிள் என்று ஒரு பை உண்டு. அதில் ஒரு கூழ்ப்படுகை, அதன்மேல் கால்சியம் கார்பனேட் படிகங்கள், ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுக்கு. தலை சாயும்போது இந்தக் கற்கள் தம் எடையால் சறுக்கும். அதிலிருந்து மேல் எது கீழ் எது என்று தெரியும். அவை தம் இடத்தில் இருக்கும்வரை நல்லது. வயதானால், தலையில் அடிபட்டால், சில சமயம் காரணமே இல்லாமல், படிகங்கள் உதிர்கின்றன. உதிர்ந்தவை குழலுக்குள் புகுந்துவிட்டால்தான் வம்பு.

1952-ல் லண்டனில் மார்கரெட் டிக்ஸும் சார்லஸ் ஹால்பைக்கும் நூறு நோயாளிகளைப் பார்த்து, தலையைத் திருப்பிச் சட்டென்று சாய்த்துக் கண்ணைக் கவனிக்கும் சோதனையை ஒழுங்குபடுத்தினார்கள். காஞ்சிபுரத்தில் எனக்குச் செய்தது அதுதான். சாய்த்ததும் சில நொடி ஒன்றுமிராது. பிறகு கண் சுழன்று துடிக்கும். ஒரு நிமிஷத்துக்குள் அடங்கும். திரும்பத் திரும்பச் செய்தால் குறைந்துகொண்டே போகும். நோயின் முழு விவரமும் இந்த நான்கு குறிப்பில் இருந்தது. காரணம்தான் தெரியவில்லை.

1969-ல் பாஸ்டனில் ஷூக்னெக்ட், இந்த நோய் இருந்தவர்கள் இறந்தபின் அவர்களின் காதெலும்பை நுண்ணோக்கியில் பார்த்தார். பின்பக்கக் குழலின் திரையில் படிவு ஒட்டிக்கொண்டிருந்தது. திரையில் கல் ஒட்டியிருக்கிறது, அந்தப் பாரம் திரையை இழுக்கிறது, அதனால் சுற்றல் என்றார். அழகான விளக்கம், கண்ணால் பார்த்த சாட்சியும் இருக்கிறது. உலகம் ஒப்புக்கொண்டது.

ஆனால் ஒட்டிய கல்லாக இருந்தால் தலையைத் தொங்கவிட்டிருக்கும்வரை சுற்ற வேண்டுமே? பூட்டில் சாவிக்கொத்து தொங்கினால் இருபது எண்ணியதும் பாரம் போய்விடுமா? படுத்த உடனே ஆரம்பிக்க வேண்டுமே, ஏன் மூன்று நாலு நொடி தாமதம்? திரும்பச் செய்தால் ஏன் குறைகிறது? 1979-ல் கனடாவின் லண்டன் நகரத்தைச் சேர்ந்த ஹால், ரூபி, மெக்ளூர் மூவரும் இந்த இடத்தைப் பிடித்தார்கள். துகள் ஒட்டியிருக்கவில்லை, திரவத்தில் தளர்வாகக் கிடக்கிறது. தலை சாய்ந்ததும் குழலுக்குள் கீழ்நோக்கி விழுகிறது. விழும்போது திரவத்தை இழுத்துக்கொண்டு போகிறது. அடியில் போய்ச் சேர்ந்ததும் இழுப்பு நிற்கிறது, சுற்றலும் நிற்கிறது. திரும்பத் திரும்ப ஆட்டினால் துகள்கள் சிதறிவிடும், வேகம் குறையும்.

இந்தப் பத்தியைப் படித்த அன்று புத்தகத்தை மூடிவிட்டேன். "மூணு நாலு எண்ணுறதுக்குள்ள வருது, இருவது எண்ணுனா போயிடுது." கல் ஒட்டியிருக்கிறதா மிதக்கிறதா என்று உலகத்து நிபுணர்கள் அடித்துக்கொண்ட வழக்கைத் தீர்க்கும் சாட்சியத்தை, எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மா திண்ணையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார். எதிரில் நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

துகள் தளர்வாக உருள்கிறது என்றால் வைத்தியம் தானே புலப்படுமே? புகுந்த வழியாகவே உருட்டி வெளியே கொண்டுவர வேண்டும். அமெரிக்காவில் போர்ட்லாந்து நகரத்து ஜான் எப்ளி அதைத்தான் செய்தார். பிளாஸ்டிக் குழாயை வளைத்துக் காதின் மாதிரி செய்து, எந்தப் பக்கம் எவ்வளவு திருப்பினால் உள்ளே இருப்பது வெளியே வரும் என்று பார்த்தார். 1980-ல் மருத்துவர்கள் கூட்டத்தில் செய்து காட்டியபோது நம்பவில்லை. கேலி செய்தவர்களும் உண்டு. இத்தனை வருஷமாக அறுவை சிகிச்சை செய்தும் மாத்திரை கொடுத்தும் பார்க்கும் நோயைத் தலையைத் திருப்பியே சரி செய்வதா? ஆராய்ச்சி இதழ்கள் கட்டுரையைத் திருப்பி அனுப்பின. பன்னிரண்டு வருஷம் கழித்து 1992-ல்தான் அச்சேறியது. இதற்கிடையில் 1988-ல் பிரான்சில் செமோன் வேறு ஒரு முறையை வெளியிட்டிருந்தார். அதே 1992-ல் கனடாவில் பார்ன்சும் மெக்ளூரும், எதற்கும் அடங்காத நோயாளிகளுக்குக் குழலை அடைக்கும் அறுவை சிகிச்சை செய்தபோது, உள்ளே திரவத்தில் மிதக்கும் துகளை நேரிலேயே பார்த்துவிட்டார்கள்.

அம்மா அதற்குப் பிறகும் ஒன்பது வருஷம் சாய்வு நாற்காலியில் தூங்கினார்.

என் தங்கை இதைக் கேட்டுவிட்டுப் போனில், "அண்ணா, அப்ப நம்ம அம்மாவுக்கும் இதுதானா?" என்று கேட்டாள். இறந்தவரின் காதைச் சோதிக்க முடியாது. ஆனால் அண்ணாந்தால், புரண்டால், நாலு எண்ணினால், இருபது எண்ணினால்... வேறு என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை என்றேன்.

இனி கணக்குக்கு வருகிறேன். 1992-க்குப் பிறகு பல இடங்களில் வைத்தியம் பலித்துக்கொண்டிருந்தது, ஆனால் உள்ளே சரியாக என்ன நடக்கிறது என்பது ஊகமாகத்தான் இருந்தது. உயிரோடிருக்கும் மனிதனின் காதெலும்புக்குள் துகள் ஓடுவதைப் பார்க்க வழியில்லை. அதனால் திரவ இயக்கவியல்காரர்கள் கணினியில் அந்த வளையத்தைக் கட்டினார்கள்.

அளவுகளைப் பாருங்கள். வளையத்தின் ஆரம் 3 மில்லிமீட்டரை ஒட்டி. குழாயின் உள்விட்டம் 0.3 மில்லிமீட்டர் அளவு. தைக்கிற நூல் தடிமன். துகளின் விட்டம் 15 மைக்ரோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கல்லின் அடர்த்தி தண்ணீரைப் போல 2.7 மடங்கு. இவ்வளவு சிறிய இடத்தில் தண்ணீரே தேன் மாதிரி நடந்துகொள்ளும். கல் 'டொப்' என்று விழாது, மெல்ல இறங்கும். பதினோராம் வகுப்பில் ஸ்டோக்ஸ் விதி படித்தவர்கள் போட்டுப் பாருங்கள்: நொடிக்கு 0.2 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வரும். வளையத்தில் கால் பங்கு தூரம் 5 மில்லிமீட்டர். வகுத்தால் இருபது, இருபத்தைந்து நொடி. எனக்கு விடை வந்ததும் உடம்பு சிலிர்த்தது, பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிஷமாவது அசையாமல் காத்திருக்கச் சொல்வதற்கும் இதுதான் காரணம். துகள் பாதி அளவாக இருந்தால் வேகம் கால் பங்காகிவிடும். அவசரப்பட்டு எழுப்பினால் வந்த வழியே உள்ளே போய்விடும்.

ஆரம்பத் தாமதம் எதனால்? 2004-ல் ஸ்குவையர்ஸ், வைட்மன், ஹெயின், ஸ்டோன் நால்வரும் வெளியிட்ட கணக்கு அதை விளக்குகிறது. அவர்கள் கட்டுரைக்கு வைத்த பெயரிலேயே 'மேல் அலமாரித் தலைசுற்றல்' என்று வருகிறது. நம் அம்மாக்களின் பரண்தான் அது! துகள் முதலில் ஆம்புல்லா என்ற அகலமான புடைப்புக்குள் இறங்குகிறது. ஏரியில் எருமை இறங்கினால் ஏரிக்குத் தெரியவா போகிறது? அதே எருமை குறுகலான வாய்க்காலுக்குள் இறங்கினால் தண்ணீர் வரப்பில் வழியும். துகள் அகன்ற இடத்தைத் தாண்டிக் குறுகிய குழாய்க்குள் நுழையும்போதுதான் அதன் எடை திரவத்தில் அழுத்தமாக மாறித் திரையைத் தள்ளுகிறது. அதுவரைதான் அந்த 'மூணு நாலு எண்ணிக்கை'. ஒருவருக்கே ஒரு நாள் கடுமையாகவும் மறுநாள் லேசாகவும் வருவது ஏன் என்பதற்கும் பதில் இருக்கிறது: துகள்கள் நேர்கோட்டில் விழுவதில்லை, குழாய்ச் சுவரில் முட்டி முட்டி ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக இறங்குகின்றன.

அதே 2004-ல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ராஜ்குரு, இஃபெடிபா, ராபிட் மூவரும் மூன்று குழலையும் முப்பரிமாணத்தில் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். 2008-ல் சூரிச்சில் ஒப்ரிஸ்டும் ஹேகமனும் துகளும் திரவமும் ஒன்றையொன்று இழுப்பதை விரிவாகக் கணக்கிட்டார்கள். கொஞ்ச காலத்தில் பெரிதாக்கிய மாதிரிக் குழல் ஒன்றைச் செய்து, உள்ளே துகளை விட்டு, கணக்கு சொன்னபடி நடக்கிறதா என்றும் பார்த்தார்கள். இந்தப் பகுதியில் நம் பையன் அனுப்பிய சமன்பாடுகள் பாதி எனக்குப் பிடிபடவில்லை. வயசு.

நம் நாட்டுக்கு வந்தால் ஜெய்ப்பூர். அங்கே அனிதா பண்டாரி, ரஜ்னீஷ் பண்டாரி இருவரும் நெதர்லாந்தின் கிங்மா, ஜெர்மனியின் ஸ்ட்ரூப் போன்றவர்களோடு சேர்ந்து, தலையை எப்படித் திருப்பினால் துகள் எங்கே போகும் என்பதைத் திரையில் காட்டும் முப்பரிமாண உருவகத்தைச் செய்தார்கள். 2021-ல், படுக்கைவாட்டுக் குழலுக்கான ஆறு விதமான வைத்திய அசைவுகளை அதில் ஓட்டிப் பார்த்து வெளியிட்டார்கள். ஒரே அசைவு எல்லோருக்கும் சரிவராது, துகள் குழலின் எந்தப் பாகத்தில் கிடக்கிறது என்பதைப் பொறுத்து ஒன்று பலிக்கும், இன்னொன்று பலிக்காது என்பது அதில் கண்ணெதிரே தெரிகிறது. முன்பெல்லாம் சில பேருக்கு வைத்தியம் பலிக்காவிட்டால் நோயாளிக்கு வேறு ஏதோ கோளாறு என்று சொல்லிவிட முடிந்தது.

ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். குபுலா திரையின் அடர்த்தியும் சுற்றியுள்ள திரவத்தின் அடர்த்தியும் சமம், அதனால்தான் சாதாரணமாகப் படுத்தால் எழுந்தால் திரை அசைவதில்லை. குடித்தவனுக்குப் படுத்ததும் கட்டில் சுற்றுகிறதே, அது ஏன்? சாராயம் முதலில் திரைக்குள் ஊறி அதைத் திரவத்தை விட லேசாக்கிவிடுகிறது. அப்படியானால் கனமான ஒன்றைக் குடித்தால் எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும் அல்லவா? 1974-ல் மணி, மைல்ஸ் என்ற இருவர் கனநீர் கொடுத்துச் சோதித்தார்கள். நம் பக்கத்துக் கல்பாக்கத்தில் அணு உலைக்குப் பயன்படுகிறதே, அதே கனநீர். கண் எதிர்த்திசையில்தான் ஆடியது. யாரும் முயற்சி செய்ய வேண்டாம், இரண்டையும்தான்.

உறவுகளில் அறுபது தாண்டியவர்கள் நிறையப் பேர் இதைப் படிப்பீர்கள், அதனால் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன். எல்லாத் தலைசுற்றலும் இதுவல்ல. பேச்சு குழறினால், கை கால் மரத்தால், இரட்டையாகத் தெரிந்தால், நடக்கத் தள்ளாடினால், சுற்றல் நிற்காமல் தொடர்ந்தால், இந்தப் பதிவை மறந்துவிட்டு உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வீடியோவைப் பார்த்துக்கொண்டு யார் தலையையும் நீங்களே திருப்பாதீர்கள். எந்தக் காது, எந்தக் குழல் என்று முதலில் தெரிய வேண்டும், கழுத்துக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆபத்தும் உண்டு. ஆனால் படுத்தால், புரண்டால், அண்ணாந்தால் மட்டும் சில நொடி சுற்றுகிறது என்றால், மாத்திரைச் சீட்டோடு திரும்பி வராதீர்கள். "சாய்த்துப் பார்த்துச் சோதிப்பீங்களா?" என்று டாக்டரிடம் கேளுங்கள். எத்தனை நொடியில் ஆரம்பிக்கிறது, எத்தனை நொடியில் நிற்கிறது என்று எண்ணிக்கொண்டு போய்ச் சொல்லுங்கள். வீட்டில் பெரியவர்கள் அப்படி எண்ணிச் சொன்னால் எழுதி வையுங்கள்.

போன மாதம் பேரன் வந்திருந்தான். பக்கத்து வீட்டில் வேலை செய்த கொத்தனாரிடம், மட்டம் பார்க்கிற கண்ணாடிக் குழாயில் ஒரு முழம் வாங்கினோம். தண்ணீர் நிரப்பி, பாலாற்று மணலை நன்றாகச் சலித்து ஒரு சிட்டிகை போட்டு, இரண்டு முனையையும் சேர்த்து வளையமாக்கிச் சைக்கிள் டியூப் துண்டால் கட்டினோம். அதைத் தலைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு அவன் கட்டிலில் சாய்ந்தான், நான் பார்த்தேன். நான் சாய்ந்தேன், அவன் பார்த்தான். "தாத்தா, மணல் இன்னும் போய்ச் சேரல, அசையாதீங்க" என்று அவன் அதட்டினான். நான் அசையாமல் கிடந்தேன்.

அந்த வளையம் திண்ணையில், அம்மாவின் சாய்வு நாற்காலிக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. கட்டு லேசாகக் கசிகிறது. பொங்கலுக்கு வருகிறவர்கள் யாராவது நல்ல குழாயாக ஒரு முழம் வாங்கி வாருங்கள். மணல் இங்கே இருக்கிறது.